இரண்டாம் துறைமுகம்

அந்தப் பெட்டியைத் திறந்தபோது மேலே ஒரு சோடி வீட்டுச் செருப்பு இருந்தது. அதன் கீழே சவர்க்காரமும் துவாயும், அதன் கீழே இரவுச் சட்டை, அதற்கும் கீழே மறுநாட் காலைக்கான உடுப்பு. ஜெர்மனியில், ஹம் நகரின் ஓரத்திலிருந்த முதியோர் இல்லம் ஒன்றில் நான் பராமரிப்பு உதவியாளனாக வேலை செய்த காலம் அது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்களே கழிந்திருந்தன. புதிதாக வருகிறவர்களின் பெட்டியை அவிழ்த்து அலுமாரியில் அடுக்குவது என் கடமைகளுள் ஒன்று. அவசரத்தில் திணித்த பெட்டிகளையும், பிள்ளைகள் வேண்டாவெறுப்பாய்க் கட்டிய பெட்டிகளையும், பாதி வெறுமையான பெட்டிகளையும் நிறையக் கண்டிருக்கிறேன். ஒரு மனிதர் தமது முதல் நாளை மணிக்கணக்காக நினைத்துப் பார்த்து, எது எப்போது கைக்கு வேண்டுமோ அந்த ஒழுங்கிலேயே அடுக்கிய பெட்டியை அன்றுதான் கண்டேன்.

நான் வியந்து நின்றதைக் கதிரையிலிருந்த பெரியவர் கவனித்திருக்க வேண்டும். "கடைசியில் வைப்பதுதான் முதலில் வெளியே வரும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது, உங்களுக்கு இரண்டு நிமிடம்" என்றார். பெட்டியின் அடியில் ஒரு புகைப்படம் முகங் குப்புறக் கிடந்தது. இளம் பெண்ணொருத்தியும் அவள் மடியில் நாலைந்து வயதுப் பையனும். எங்கே வைக்கட்டும் என்று கேட்டேன். "அது அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

இல்லத்தில் எல்லோரும் அவரை ஜெனரல் என்றே அழைத்தார்கள். அப்போது அவருக்குத் தொண்ணூற்றெட்டு வயது. பதினேழாம் வயதில் வடக்குத் துறைமுக நகரமொன்றின் கப்பல் நிறுவனத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, முப்பது தாண்டியவுடன் சரக்குப் பகுதி முழுவதையும் தம் கையில் வைத்திருந்தவர். எந்தத் துறைமுகத்துக்கான சரக்கு கப்பலின் எந்தத் தட்டில், எதன்மேல் எது, எதன் பக்கத்தில் எது கூடாது என்று பட்டியல் எழுதுவதே அவர் தொழில். இரண்டாம் உலகப் போர் வந்தபோது இராணுவம் அவரைத் தேடி வந்ததும் அந்தப் பட்டியலுக்காகத்தான். புகையிரதங்களையும் துறைமுகங்களையும் அவர் பொறுப்பில் விட்டது. "நான் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள், நான் ஒவ்வொரு படியாக ஏறினேன்" என்று சொல்வார். நாற்பதாவது வயதில் ஜெனரல். பிறகு இரண்டு வருடம் கைதி. பிறகு மீண்டும் அதே கப்பல் நிறுவனம், ஓய்வு பெறும்போது அதன் இயக்குநர். போரில் ஆறு வருடமும் கப்பலில் நாற்பது வருடமும் கழித்த தம்மை உலகம் அந்த ஆறு வருடத்தின் பெயரால் அழைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் திருத்தவும் மாட்டார்.

அவர் வந்த முதற் கிழமையிலேயே, ஏழு நாள் ஆகுமுன், குசினியில் ஒரு சிறு போர் மூண்டது. அங்கே வேலை செய்த எங்கள் ஊர் அக்கா ஒருவர், திரும்பி வந்த சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்தியபடி என்னைத் தேடி வந்தார்.

"அண்ணை, உங்கடை ஜெனரல் சண்டையைத் தொடங்கிட்டார். இனிப்பை முன்னுக்கு வைச்சனாம், சூப்பைப் பின்னுக்கு வைச்சனாம், ஒழுங்கு பிழையாம். வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்டாத்தானே கிடக்கப் போகுது? நான் சொன்னனெண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். பெரியவர் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "அந்த அம்மையார் சொல்வது சரி, வயிற்றில் தட்டுகள் இல்லை. ஆனால் ஏற்றும்போது ஒழுங்கு வேண்டும் என்று சொல்லுங்கள்." அக்கா அதைக் கேட்டு, "ஓம், ஓம், நாளைக்குக் கப்பல் கொண்டு வாறன்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். மறுநாள் சூப் முன்னே இருந்தது.

அவர் எந்தப் படையில் ஜெனரலாக இருந்தார் என்பதை நான் மறக்கவில்லை, வாசிப்பவர்களும் மறக்க வேண்டியதில்லை. போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்துக் கடல்நீரேரியைப் படகில் கடந்து வந்தவன் நான். அங்கேயும் யார் முதலில் ஏறுவது, யார் கரையில் நிற்பது என்று யாரோ ஒருவர் கைகாட்டித் தீர்மானித்தார். ஒருநாள் அவருடைய நகங்களை வெட்டிக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டேன்: உங்கள் புகையிரதங்களில் மனிதர்களைக் கொல்லக் கொண்டுபோனார்களா? அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "என் காகிதத்தில் பெட்டிகளின் எண்ணிக்கைதான் இருக்கும். உள்ளே என்ன என்று கேட்கும் இடம் அந்தக் காகிதத்தில் இருக்கவில்லை. நானும் ஓர் இடம் கீறிக் கேட்கவில்லை" என்றார். மற்றக் கையையும் நீட்டியபடி, "இது மன்னிப்புக் கேட்பதல்ல. நீங்கள் கேட்டதற்குப் பதில்" என்றார். நான் மிச்ச நகங்களை வெட்டி முடித்தேன். அந்தப் பதிலோடு ஒரு மனிதனைக் குளிப்பாட்டி உடுத்துவது எப்படி என்று எனக்கு எவரும் கற்றுத் தந்திருக்கவில்லை. அன்று மாலை விளக்கேற்றி இறைவன் முன் நின்றபோது வழமையாய் வரும் பதிகம் நாவில் வர நெடுநேரம் பிடித்தது.

ஞாயிறு தோறும் அவருடைய மகள் வருவார். புகையிரதத்தில் நாற்பது நிமிடத் தொலைவிலிருந்து, மழையோ பனியோ, சரியாக மூன்று மணிக்கு. எழுபதை எட்டிக்கொண்டிருந்த நெடிய பெண்மணி, மருத்துவமனைத் தாதியாக வாழ்நாள் முழுதும் உழைத்து ஓய்வு பெற்றவர், மணம் செய்துகொள்ளாதவர். தந்தையும் மகளும் அதிகம் பேசுவதில்லை. தோட்டத்தில் அவரைச் சக்கரக் கதிரையில் தள்ளிக்கொண்டு இரண்டு சுற்று வருவார், பிறகு எதிரெதிரே அமர்ந்து கோப்பி குடிப்பார்கள், ஐந்து மணிக்கு எழுந்து போய்விடுவார். ஒரு ஞாயிறு நடைகூடத்தில் நான் கேட்காமலே தம் தாயைப் பற்றிச் சொன்னார். போரின் கடைசிக் குளிர்காலத்தில் கிழக்குக் கரையிலிருந்து சனங்களை ஏற்றி வந்த கப்பலொன்றில் தாயும் தம்பியும் ஏறினார்களாம். மகள் முன்கூட்டியே மேற்கிலிருந்த அத்தையிடம் அனுப்பப்பட்டிருந்தார். மேல்தட்டில் கிடைத்த இடத்தைக் காயப்பட்ட சிப்பாய்களுக்கு விட்டுக்கொடுத்துத் தாய் தம்பியோடு அடித்தட்டுக்கு இறங்கினாராம். கப்பல் தாக்கப்பட்டபோது அடித்தட்டிலிருந்து ஒருவரும் மேலே வரவில்லை. "அப்பா அப்படித்தான் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்குப் பதினொரு வயது. நான் தாதியானது அதனால்தான்" என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய கண்கள் என் முகத்திலேயே நின்றன. ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் பெரியவருக்கு மூளையில் இரத்தம் அடைத்து வலக் கை விழுந்தது. பேச்சும் தளர்ந்தது. சொற்கள் மறந்துபோகவில்லை, ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு வந்தன. அதன்பின் காலைதோறும் அவருக்குச் சவரம் செய்வது நான்தான். வெயில் யன்னலால் விழுந்திருந்த ஒரு காலையில், முகத்தில் பாதி நுரை இருக்கும்போதே என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திச் சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிக்க ஒரு மணித்தியாலம் ஆயிற்று. நுரை காய்ந்துபோயிற்று.

அந்தக் கப்பல் இரண்டு துறைமுகங்களுக்குப் போக இருந்தது. முதலாவதில் பெரிய மருத்துவமனை, காயக்காரர்கள் அங்கே இறங்க வேண்டும். பெண்களும் குழந்தைகளும் இரண்டாவதில். ஏற்றுகிற ஒழுங்கைத் தீர்மானிக்க அவருக்கு இருந்தது ஒரு மாலைப்பொழுது. இருபது வருடமாய்ச் செய்ததையே செய்தார். கடைசித் துறைமுகத்துக்கானது அடியில், முதல் துறைமுகத்துக்கானது மேலே. அப்படிச் செய்தால் முதல் துறைமுகத்தில் இறக்குவதற்கு நேரம் வீணாகாது, அடியில் இருப்பவர்களை அசைக்கவும் தேவையில்லை, அங்கே குளிரும் குறைவு. எல்லா விதத்திலும் சரியான பட்டியல். அவருடைய மனைவியும் மகனும் இரண்டாம் துறைமுகத்துப் பயணிகள், ஆகவே அவர்களையும் அடித்தட்டில் எழுதினார். ஜெனரலின் மனைவிக்கு மேலே ஓர் அறை தரலாம் என்று கப்பல் தலைவர் சொன்னாராம். ஒழுங்கு எல்லோருக்கும் ஒன்று என்று மறுத்தாராம். "அதை எண்ணி அன்று பெருமைப்பட்டேன்" என்றார். கப்பல் தாக்கப்பட்ட பிறகு மேல்தட்டிலிருந்தவர்களில் ஒரு பகுதியினரை வேறு கப்பல்கள் மீட்டன. "இரண்டாம் துறைமுகத்தில் இறங்க ஒருவரும் இருக்கவில்லை."

பெட்டிக்கும் மூட்டைக்கும் மூச்சு இல்லை, மனிதருக்கு இருக்கிறது, தண்ணீர் வரும்போது மூட்டை மேலே ஓடிவர நினைக்காது. கப்பலறிந்த எவனும் இதை அறிவான். அறிந்த அவர் அந்த ஒரு மாலையில் அதை நினைக்கவில்லை. மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தாயின் தியாகம் என்று ஒரு கதையைச் சொன்னார். அந்தக் கதையின்மேல் மகள் தம் வாழ்வையே கட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு வருடமும் கதை கனத்தது, சொல்வது மேலும் இயலாததாயிற்று.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தார். நேரம் குறைவென்று அவருக்குத் தெரியும். அன்று தொடங்கி மூன்று கிழமை, காலைதோறும் நான் கத்தியைக் கழுவும் இடைவெளியில் அவர் தம் வாக்கியங்களைப் பழகினார். "பட்டியலை எழுதியது நான். உன் அம்மா எதையும் தெரிவு செய்யவில்லை. அவளை அங்கே வைத்தது நான். உனக்கு நான் சொன்னது பொய்." நாலே வாக்கியம். மூன்றாவதில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவார். உதடு அசையும், ஒலி வராது. கண்ணால் என்னைக் கேட்பார். நான் அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கொடுப்பேன், அதைப் பற்றிக்கொண்டு நாலாவதற்குப் போவார். ஒரு வியாழக்கிழமை, "இந்த ஞாயிறு நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். நான் நின்றுவிட்டால் நீங்கள் தொடருங்கள்" என்றார்.

அந்த ஞாயிறு எங்கள் அம்மன் கோயில் தேர். ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் எங்கள் சனங்கள் ஹம்முக்கு வந்து சேரும் நாள். தேருக்கு முன்னே நின்று பண்ணோடு பதிகம் பாடுகிறவர்களுள் நானும் ஒருவன். "நீங்கள் பாடாட்டித் தேர் அசையாது, அண்ணை" என்று குசினி அக்கா வருடா வருடம் பகிடி பண்ணுவார். பகிடி என்று தெரிந்தும் அது எனக்கு இனிக்கும். பெரியவரிடம் விளக்கினேன். இது எங்கள் ஆண்டுப் பெருவிழா, ஆறு மாதத்துக்கு முன்பே விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அடுத்த ஞாயிறு கட்டாயம் நிற்கிறேன் என்றேன். அவர் நெடுநேரம் யோசிக்கவில்லை. "சரி, அடுத்த ஞாயிறு" என்று சுவர் நாட்காட்டியைக் காட்டினார். அவருடைய இடக் கைக்குப் பேனையைக் கொடுத்தேன். அந்தத் திகதியில் நடுங்கும் ஒரு கோடு இட்டார்.

அன்று வெயில் எரித்தது. தார் வீதியில் வெறுங்காலோடு நின்று, கண்ணீர் வழியப் பாடினேன். அம்மையின் திருமுகம் பூக்களுக்கிடையில் அசைந்து வந்த அந்தக் கணத்தில் இந்த உலகில் எனக்கு வேறெதுவும் நினைவில் இல்லை. பக்தி என்றால் தன்னை மறப்பது என்று இளமையிலிருந்து கேட்டு வளர்ந்தவன். என்னை மறக்கும்போது இன்னொருவரையும் சேர்த்து மறந்துவிடலாம் என்பதை அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது, ஞாயிறு முறைவேலைக்கு நின்ற ஜெர்மன் தாதி சொன்னார். தந்தையும் மகளும் தோட்டத்தில் வழமையைவிட நெடுநேரம் இருந்தார்களாம். பெரியவர் இரண்டு முறை ஏதோ பேசத் தொடங்கிப் பாதியில் நிறுத்தித் தண்ணீர் கேட்டாராம். அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை, தனியே முயன்றிருக்கிறார் என்பது எனக்கு மட்டும் விளங்கியது. அன்று சவரத்தின்போது அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வாக்கியங்களைப் பழகவுமில்லை. அந்தப் புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, கதிரையிலேயே அவர் உயிர் பிரிந்தது. நாட்காட்டியில் அந்தக் கோடு நாலு நாள் தள்ளி நின்றது.

அறையைக் காலி செய்ய மகள் வந்தார். அலுமாரியிலிருந்தவற்றைப் பெட்டியில் அடுக்க நான் உதவினேன். புகைப்படத்தை அவர் கையில் எடுத்து, என்னைப் பாராமல் கேட்டார்: "கடைசி நாட்களில் அம்மாவைப் பற்றி ஏதாவது சொன்னாரா? காலையில் நீங்கள்தானே கூட இருப்பீர்கள்."

நாலு வாக்கியமும் என் நாவில் இருந்தன. நான் சொன்னது வேறு. "உங்கள் அம்மாவின் துணிவைப் பற்றிச் சொல்வார். காயக்காரர்களுக்கு இடம் கொடுத்ததைச் சொல்வார்" என்றேன். அவர் தலையை அசைத்தார். படத்தைப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்து மூடினார். எனக்கு நன்றி சொல்லிக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

இரக்கத்தால் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறுபது வருடமாய் ஒரு பெண் சாய்ந்திருக்கும் தூணை உடைப்பதற்கு நான் யார் என்று கேட்டுக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. உண்மையைச் சொன்னால், அவர் ஏன் தாமே சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி நேரே என்னிடம் வந்து நிற்கும். மறைத்தலும் அருளலும் இறைவனுடைய தொழில்கள் என்று சைவம் படித்தவன் நான். மறைத்தலை மட்டும் நான் எடுத்துச் செய்துவிட்டேன்.

மார்கழி பிறந்தது. விடியலில் எழுந்து பாடும் மாதம். வாய் திறக்கும்போதெல்லாம் பதிகத்துக்குப் பதிலாக அந்த நாலு வாக்கியமும் டொச்சில், அவருடைய ஜெர்மன் மொழியிலேயே, வந்து நின்றன. ஒரு தபாலட்டையில் வந்து சந்திக்கலாமா என்று எழுதிப் போட்டேன். நாளும் நேரமும் குறித்துப் பதில் வந்தது.

அவருடைய வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. கோப்பி ஊற்றி வைத்தார். நான் குடிக்கவில்லை. வந்த காரியத்தைச் சொன்னேன். பட்டியல், இரண்டு துறைமுகங்கள், கப்பல் தலைவர் தர வந்த அறை, எல்லாவற்றையும். அவர் அழுவார், அல்லது வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "முப்பது வயதில் தெரிந்தது. அந்தக் கப்பலில் வேலை செய்த மாலுமி ஒருவர் எங்கள் மருத்துவமனையில் கிடந்தார். பட்டியலில் அப்பாவின் கையெழுத்தைக் கண்டவர். அன்றிலிருந்து அப்பா தாமாகச் சொல்வார் என்று காத்திருந்தேன். எத்தனை ஞாயிறு என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அன்று அறையில் உங்கள் பதிலைக் கேட்டபோது, கடைசிவரை அவருக்குச் சொல்லும் எண்ணமே வரவில்லை என்று முடிவு செய்தேன்."

"வந்தது. மூன்று கிழமை பழகினார்" என்றேன்.

அப்போதுதான் அவர் முகம் மாறியது. "என்ன சொல்லிப் பழகினார்? அவர் சொன்னபடியே சொல்லுங்கள்."

சொன்னேன். பட்டியலை எழுதியது நான். உன் அம்மா எதையும் தெரிவு செய்யவில்லை. மூன்றாவதில், அவர் நின்ற இடத்தில், நானும் நின்றேன். நடிப்பதற்காக அல்ல, என்னால் முடியவில்லை. பிறகு சொல்லி முடித்தேன். இன்னொருமுறை கேட்டார். இன்னொருமுறையும் சொன்னேன்.

"தோட்டத்தில் அன்று இரண்டு முறை தொடங்கினார்" என்றார் மெல்ல. "அவர் தண்ணீர் கேட்டார், நான் தண்ணீர் கொண்டு வரப் போய்விட்டேன். நீங்கள் ஏன் அன்று இருக்கவில்லை?"

தேர்த்திருவிழா என்று சொன்னேன். எங்கள் தெய்வம் வருடத்தில் ஒருநாள் தேரில் வெளியே வரும், அதன் முன்னே நான் பாட வேண்டும் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே சிறுத்துக் கேட்டது.

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பும் ஒருவர் கேட்பதுபோலக் கேட்டார்: "அடுத்த வருடமும் வரும் அல்லவா?"

"வரும்" என்றேன்.

கதவுவரை வந்து வழியனுப்பினார். அதன்பின் நாங்கள் சந்திக்கவில்லை. சில வருடங்களில் அவரும் காலமானார் என்று இல்லத்தில் யாரோ சொல்லக் கேட்டேன்.

தேர் வருடா வருடம் வருகிறது. அவர் கேட்டதுபோலவே தவறாமல் வருகிறது. நான் வீதியோரத்தில் கைகூப்பி நிற்கிறேன், முன்னே போய்ப் பாடுவதில்லை. ஏன் பாடுறியள் இல்லை என்று கேட்பவர்களுக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லி வந்திருக்கிறேன். என் தொண்டைக்கு ஒன்றுமில்லை.